பர்கூர் பைபாஸ், முப்பத்தொன்பதாவது குதிரை

லாரியின் பின்கதவில்
தாமரை, பாயும் குதிரை, ‘ஒலி எழுப்பவும்’:
கதவுக்கு நானூறு ரூபாய்.
என் தாமரைகளுக்குக் கீழே
ஒருநாளும் தண்ணீர் இருந்ததில்லை.
யாரும் கேட்டதுமில்லை.

போன ஞாயிறு
மல்லப்பாடிக் குன்றில் ஏறினேன்.
பாறையில் வெள்ளைக் குதிரை.
குதிரை என்று நாமாகச் சொன்னால்தான்:
நாலு கோடு, ஒரு வளைவு,
மேலே ஒருத்தன், கை ஓங்கியபடி.
கால் மூட்டு தப்பு.
ஆனாலும் ஓடுகிறது.

எனக்குக் கோபம்தான் வந்தது.
மூட்டெல்லாம் சரியாக வரைந்த
என் குதிரைகள்
சேலம் வரை போய் வருகின்றன
ஓர் அடி நகராமல்.

அன்றிரவு பட்டறையில்
கிரானைட் மாவைப் பசையில் குழைத்தேன்.
மாங்கூழ் டின் வந்த அட்டைகளில்
முப்பத்தெட்டுக் குதிரை.
எல்லாம் பிணம்.
அடுத்தது குதிரையே இல்லை;
கூழ் ஆலை ஷிப்டு விட்டு
மேட்டில் சைக்கிளை
எழுந்து நின்று மிதிக்கும் முனிரத்னா.
முகம் போடவில்லை.
முட்டி தப்பு.

காலையில் ஓனர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்:
“இது எந்த வண்டிக்குடா?”

தெரியவில்லை.

நாமக்கல் வண்டி ஒன்று நிற்கிறது
தாமரைக்கு.
நீலம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.
தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன்.