மார்ட்டின் திருநாள் வரை

முறிந்தது கீஷாரின் ஈட்டி.
விழுந்தது நான்.
வாயெல்லாம் மண், பல்லொன்று ஆடியது.
குனிந்து "சரணா?" என்றான்,
பக்கத்து வீட்டில் உப்புக் கேட்கிற குரலில்.
தலையசைத்தேன்.

வழக்கம் அதுதான்.
குதிரை அவனுக்கு. சேணம் அவனுக்கு.
இரும்பு வளையச் சட்டையும்
அதில் ஊறிய பதினோரு கோடையின் வியர்வையும் அவனுக்கு.
அறுபது வெள்ளிக்காசு எண்ணி வைக்கும்வரை
நானும் அவனுக்கு.

அன்றிரவு ஒரே கிண்ணத்தில் குடித்தோம்.
அதுவும் வழக்கம்.
கொழுத்த துண்டை என் பக்கம் தள்ளிவிட்டான்.
பெண்கள் இருந்ததால் இருவரும் விரல் நக்கவில்லை.
எவனோ யாழ் மீட்டினான், சுருதி சேரவேயில்லை.
கூடத்து வைக்கோலில் பதினாறு பேர் படுத்தோம்.
பேனுக்கு வென்றவன் தோற்றவன் தெரியாது.

உறக்கம் வராமல் லாயத்துக்குப் போனேன்.
காலடி கேட்டதும் மொரேல் கனைத்தது.
குதிரைக்காரன் பெர்த்தோ, ஒரு கண் பூ விழுந்தவன்,
எழுந்து உட்கார்ந்து கேட்டான்:
"இதன் குணமென்ன, பிரபு?"

சொன்னேன்.
பச்சைப் பட்டாணி ஆகாது, வயிறு உப்பும்.
இடது பின்னங்காலைத் தூக்குமுன் தொடையில் தட்டு.
வார் இறுக்கும்போது மூச்சைப் பிடித்து ஏமாற்றும்,
நாலடி நடக்கவிட்டு மறுபடி இறுக்கு.
இடிக்கு அஞ்சாது. ரத்த வாடைக்கு அஞ்சாது.

"வேறு?"
வெள்ளைத்துணி.
காற்றில் அது படபடத்தால் போதும்,
குட்டியாய் இருந்த நாள்முதல்
மொரேலின் கண்ணில் பேய் புகும்.
"வேறொன்றுமில்லை" என்றேன்.
கீஷார் ஒருமுறை விழட்டும் என்றுதான்.
மண்ணின் ருசி அவனுக்கும் தெரியட்டும் என்றுதான்.

விடிந்ததும் விட்டுவிட்டார்கள்.
காவலில்லை, விலங்கில்லை.
புனிதரின் எலும்பு வைத்த பேழைமேல் கைவைத்து
மார்ட்டின் திருநாளுக்குள் வருவேன் என்றேன்.
வேறு கயிறு எதற்கு?
குதிமுட்களை மட்டும் கழற்றச் சொல்ல மறந்திருந்தார்கள்.
இரண்டு நாள் நடை,
வியேன் ஆற்றோரமாக, அடிக்கொருமுறை கிணுங்கிக்கொண்டு.
ஆடு மேய்த்த ஒருத்தி
எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக் குதிரையைத் தேடினாள்.

ஐமெலின் அழவில்லை. கணக்குப் போட்டாள்.
பன்றி ஆறு.
மாவாலைப் பங்கில் பாதி.
தாய்வீட்டு இடைவாரின் வெள்ளிக் கொக்கி.
தவக்காலத்துக்கு வாங்கிவைத்த உப்புமீன் பீப்பாய்.
இன்னும் நாலு காசு இடித்தது.
தன் பின்னலைத் தூக்கிப் பார்த்து
"நரைத்ததை எவன் வாங்குவான்" என்று சிரித்தாள்.
மறுநாள் வேலிமேல் துவைத்ததை உலர்த்தினாள்.
என் வெள்ளைச் சட்டை காற்றில் அடித்துக்கொண்டது.
மிரள அங்கே குதிரை இல்லை.
நான்தான் சுற்றிக்கொண்டு போனேன்.

திருநாளுக்கு முந்தைய நாளே போய்ச் சேர்ந்தேன்.
கீஷார் வாசலுக்கு வந்து தழுவினான்.
ஒரு கீறலும் இல்லை அவன் மேல்.
லாயத்தில் வேறொருவன் நின்றான்.

"பெர்த்தோவா? போன மாதமே.
தண்ணீர் காட்ட ஆற்றுக்குக் கொண்டுபோனான்.
பெண்கள் படுக்கை விரிப்பை உதறிய நேரம்.
நெற்றியில் ஒரே உதை."
"விலங்குதானே, அதற்கென்ன தெரியும்" என்றான் கீஷார்.
விதவைக்கு ஓர் ஆடு கொடுத்தானாம்.

வெள்ளியை இருமுறை எண்ணினார்கள். சரியாக இருந்தது.
விருந்தில் என்னைப் பந்தியின் தலைமாட்டில் இருத்தி
புதிதாக வாள் கட்டிய பையன்களுக்குக் காட்டினான்:
"பாருங்கள், சொன்ன சொல் தவறாதவன்."
கிண்ணங்களை உயர்த்தினார்கள்.
சொல்லாத சொல்லைப் பற்றி
எவரும் கேட்கவில்லை.

காலையில் சேணம் வைத்து வார் இறுக்கினேன்.
மொரேல் மூச்சைப் பிடித்துக்கொண்டது.
நாலடி நடக்கவிட்டேன்.