கழிவு

கொழுந்து எடை போடுகிறவள் நான்.
கட்டபெட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்தில்
பதினேழு வருஷமாகத் தராசுக்குப் பின்னால் நிற்கிறேன்.
சாக்குக்கு ஒரு கிலோ, மழை நாளில் ஈரத்துக்கு இரண்டு;
கழித்துவிட்டுத்தான் நோட்டில் ஏற்றுவேன்.
"கல்நெஞ்சு ஜெசிந்தா" என்பார்கள்,
தேயிலைச் செடிக்கு மட்டும் கேட்கிற குரலில்.
எனக்கும் கேட்கும்.

ஆஸ்பத்திரி மெஷின் நூற்றி முப்பத்தொன்று காட்டியது.
சால்வைக்குக் கழிங்க, ஸ்வெட்டருக்குக் கழிங்க என்றேன்.
நர்ஸ் ஷைனி சிரித்துவிட்டு
நூற்றி முப்பத்தொன்றையே எழுதினாள்.
தராசில் ஏறி நிற்கிறவள் எடையைப் பார்ப்பதில்லை,
எழுதுகிறவளின் முகத்தைத்தான் பார்க்கிறாள்.
இது எனக்குப் பதினேழு வருஷமாகத் தெரியவில்லை.

பதினைந்து நாள் தண்ணி ஆகாரம்.
மாவு கரைத்த பால், வடிகட்டின ரசம், மோர்.
கல்லீரல் சுருங்கணுமாம்,
அப்போதுதான் அதை ஒதுக்கிவிட்டு வயிற்றை எட்ட முடியுமாம்.
நாலாம் நாள், எடைக் கொட்டகையில்
மாரக்கா டிபன் பாக்ஸைத் திறந்தாள்.
நெத்திலிக் கருவாடு.
கை நடுங்கி, அவளுடைய இருபத்திரண்டு கிலோ
இருபத்தேழாக விழுந்தது.
அடிக்கவில்லை. விட்டுவிட்டேன்.
(நிர்வாகம் கவிதை படிக்காது.)

ஏன் இந்த வயசில் ஆபரேஷன் என்றவர்களுக்கெல்லாம்
ஆளுக்கொரு பதில் வைத்திருந்தேன்.
சர்க்கரை. முழங்கால்.
தூக்கத்தில் நின்று நின்று வரும் மூச்சு.
மினிபஸ்ஸை மட்டும் சொன்னதில்லை.
மூன்று பேர் சீட்டில் நான் உட்கார்ந்திருக்க,
பக்கத்தில் இடமிருந்தும்
ஊர் வரை நின்றே வருகிற ஒரு பையன்.
நல்ல பையன். கண்ணை ஜன்னலுக்குத் திருப்பிக்கொள்வான்.

புதன் மாலை குன்னூரில் சேர்த்துக்கொண்டார்கள்.
மருந்து சோப்பில் தலையோடு குளியல்;
கடைசிச் செம்பு ஊற்றுவதற்குள் வெந்நீர் ஆறிவிட்டது.
மூக்குத்தியைக் கழற்றத் தேங்காயெண்ணெய்,
ஒரு நூல், அருளப்பனின் பொறுமை.
இருபத்தொரு வருஷம் கழித்து வெளியே வந்தது.
இருந்த இடத்தில் கடுகளவு வெளுப்பு.
பன்னிரண்டுக்கு மேல் பச்சைத் தண்ணீரும் கூடாது.
பதினொன்று ஐம்பத்தைந்துக்கு
ஒரு டம்ளர் குடித்தேன், விருந்து மாதிரி.

வியாழன்.
டாக்டர் கோவையிலிருந்து மலையேறி வரவேண்டும்.
பர்லியாறில் மரம் சாய்ந்து பாதை அடைப்பு.
எட்டு மணி ஒன்பதானது, பத்தரையானது.
முதுகில் முடிச்சுப் போடும் பச்சை அங்கி எனக்கு எட்டவில்லை,
இரண்டை ஒட்டுப்போட்டுக் கொண்டுவந்தார்கள்.
தொடை வரை இறுக்கும் காலுறை.
மூச்சை இழுத்தால் மூன்று பந்து எழும்பும் டப்பா;
எனக்கு இரண்டுதான் எழும்பியது.

ஷைனி வரப்போவதைச் சொன்னாள்.
வயிற்றில் ஐந்து துளை. காற்றடைத்துச் செய்வதால்
வலி தோளில் வரும், பயப்படக் கூடாது.
சாயங்காலமே எழுந்து நடக்கணும்.
மருந்து மூடியில் ஒரு மூடித் தண்ணீர், அதுவும் நாளைக்கு.
வாழைக்காய் அளவுக்கு வயிறு மிச்சம் இருக்கும்.
"அறுத்தெடுப்பது எவ்வளவு கனம்?" என்றேன்.
இதுவரை யாரும் கேட்டதில்லையாம்.

டாக்டர் வந்தார், ஷூவில் செம்மண்ணோடு.
விளக்கு. முகமூடி.
நூறிலிருந்து பின்னால் எண்ணச் சொன்னார்கள்.
கழிப்பதுதானே என் வேலை?
தொண்ணூற்றெட்டு வரை நினைவிருக்கிறது.

தோளில் வலி, சொன்ன இடத்திலேயே.
நாக்கு காய்ந்த சாக்கு.
அருளப்பனைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் பதினோரு அடி.
ஜன்னலுக்கு வெளியே மூடுபனியில்
கொழுந்து லாரி ஒன்று கியர் மாற்றி ஏறியது.
இன்றைக்கு யார் எழுதியிருப்பார்கள், எவ்வளவு கழித்திருப்பார்கள்?

ஷைனி காதருகில் குனிந்தாள்.
"சேச்சி, நூற்றிப் பதினெட்டு கிராம்."
"ஈரம் கழிச்சா, கழிக்காமலா?"

சிரித்தால் தையல் இழுக்கும் என்பதை
முதலிலேயே சொல்லியிருக்கலாம் அவள்.