பதினோராம் மணி வேளை

காக்கி புக்கிட், ஐந்தாம் மாடி.
கீழே காருக்குச் சாயமடிக்கும் பட்டறை.
ஞாயிறன்றும் தின்னர் வாசம்
எங்களுக்கு முன்பே மேலேறி
முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும்.

என் இடம் பின்சுவரோரம், கண்ணாடிப் பெட்டி.
பாஸ்டர் குவெக் ஆங்கிலத்தில் ஒன்று சொல்வார்,
மூச்சு விடுவார்.
அந்த மூச்சுக்குள் நான் அதைத் தமிழாக்கி
இருபத்திரண்டு ஜோடிக் காதுகளுக்கு அனுப்ப வேண்டும்.

பெரிய சொற்களில் சிரமமில்லை.
கிருபை, இரட்சிப்பு, நீதிமான்
எல்லாவற்றுக்கும் யாரோ முன்பே
பாதை வெட்டிவைத்திருக்கிறார்கள்.
சின்னவைதான் கால் தடுக்கும்.
கார் உரிம ஏலத்தை வைத்து அவர் அடிக்கும் ஜோக்கை
லாரியின் பின்தட்டில் வந்தவர்களிடம் எப்படிச் சொல்ல?
விட்டுவிடுவேன்.
மண்டபம் சிரிக்கும்.
இருபத்திரண்டு பேர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத்
தாமதமாய்ச் சிரிப்பார்கள்.

அன்று திராட்சைத் தோட்டத்து உவமை.
விடியலில் வந்தவனுக்கும்
வெயில் தாழ வந்தவனுக்கும் ஒரே கூலி.
வாய்க்குப் பழகியபடி
‘பதினோராம் மணி வேளை’ என்றேன்.
வேதத்தின் கடிகாரம் சூரியனோடு எழுவது,
அதன் பதினொன்று நம் மாலை ஐந்து
என்று சொல்ல மூச்சு போதவில்லை.

முடிந்ததும் காதுக்கருவிகள்
நீலக்கூடைக்குத் திரும்பின, வியர்வை ஈரத்தோடு.
பதினேழாம் எண் மட்டும் வரவில்லை.
கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்
கமுதிக்காரர் இருளப்பன்.

“சிஸ்டர், ராத்திரி பதினோரு மணிக்கா ஆள் எடுத்தாரு?”
விளக்கினேன்.
“அப்ப ஓட்டி கிடையாது” என்று தலையாட்டினார்.
பிறகு,
“அந்தத் தோட்டத்துக்கு ஏஜெண்டுக்கு எவ்வளவு கட்டணும்?”

சிரித்துவிட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.

இலவசம் என்ற சொல் நாக்கு நுனியில் நின்றது.
அதற்குள் அவரே சொன்னார்:
“ஒண்ணும் வேணாம், சம்பளத்துல பிடிச்சுக்குவாங்கன்னுதான்
பரமக்குடியில ஒருத்தன் சொன்னான்.
அவனும் வெள்ளைச் சட்டைதான்.
வட்டியோட ரெண்டு எழுபது நிக்குது.”

பீஹூன் பொட்டலங்களோடு வந்த பாஸ்டர்
என்ன கேட்கிறார் என்றார்.
முதல் முறையாக எதிர்த்திசையில் மொழிபெயர்த்தேன்.
ஒரு சொல்லும் விடவில்லை.
ரெண்டு எழுபதை வெள்ளியில் மாற்றியும் சொன்னேன்.
அவர் கையில் பொட்டலம் சாய்ந்து
எண்ணெய் விரலில் வழிந்தது.
மூன்றடி தள்ளி மூப்பர் சுவா
சம்பல் ஊற்றிக்கொண்டிருந்தார்.
லாரி அவருடையது.
பாஸ்டர் அந்தப் பக்கம் பார்த்தார்.
பார்த்தார், அவ்வளவுதான்.
“ஜெபிப்போம்” என்றார்.
அதை நான் மொழிபெயர்க்கவில்லை,
இருளப்பன் ஏற்கெனவே கண்ணை மூடியிருந்தார்.

இரவு, பேசிரிஸ் வீட்டில்,
துணி மடிப்பதைப் பாதியில் விட்டு
அந்தப் பகுதியை மறுபடி படித்தேன்.
எத்தனை தடவை அதைத் தமிழில் சொல்லியிருக்கிறேன்!
அதிகாலையில் வீட்டெஜமான் தானே புறப்படுகிறான்.
பிறகும் போகிறான். உச்சிவெயிலிலும் போகிறான்.
சந்தைவெளிக்கு ஐந்து நடை.
காரியக்காரன் ஒருவன் இருக்கிறான்தான்,
ஆனால் அவன் வருவது
கடைசியில், கூலி கொடுக்க.
ஆள் எடுக்க இடையில் ஒருவரும் இல்லை.

இதைச் சொல்லியிருக்க வேண்டும்
என்று ஈரச் சட்டையைப் பிடித்தபடி நின்றேன்.

மூன்று ஞாயிறு போய்விட்டது.
தெங்காவில் கான்கிரீட் ஊற்றுகிறார்களாம், லீவு இல்லை.
பதினேழாம் எண் சார்ஜரிலேயே கிடக்கிறது,
பச்சை விளக்கோடு.
விடுதியின் பெயர் தெரியும். பேருந்தும் தெரியும்.
கண்ணாடிப் பெட்டிக்குள் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு
அவர் வரக் காத்திருக்கிறேன்,
அவன் தானே போனான்
என்று சொல்வதற்கு.