இருபத்தெட்டாம் நம்பர் டிராமில் ஏறாதீர்கள்

இருபத்தெட்டாம் நம்பர் டிராமில் ஏறாதீர்கள்
என்றுதான் எப்போதும் தொடங்குவேன்.
ஒரே கூட்டம். பர்ஸ் போய்விடும்.
பின்னால் ஒரு சந்து இருக்கிறது, அதில் ஏறுங்கள்.
அறுபத்திரண்டு படிகள்.
நாற்பதாவது படியருகே கைப்பிடிக் கம்பி உடைந்திருக்கும், கவனம்.
இடப்பக்கம் நீலக் கதவு,
அதன்மேல் கொடியில் ஒரு சிவப்புத் துண்டு.
உச்சியில் ஒரு பெஞ்சு. ஆறு தெரியும்.
யாரும் வரமாட்டார்கள்.

இதை நான் சொல்வது
சேலம் அழகாபுரத்தில், மாவு மில்லுக்கு மேல்மாடியில்,
புரட்டாசி நள்ளிரவில்.
அங்கே இப்போதுதான் சூரியன் இறங்குகிறது.

லிஸ்பனுக்கு நான் போனதில்லை.
பாஸ்போர்ட் கேட்டு எழுதிப்போட்டேன்;
விசாரிக்க வந்த போலீஸ்காரர்
எங்கள் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பிவிட்டார்.
ரோமை கிரேஸிலின் பார்த்துக்கொள்கிறாள்.
வியன்னா இன்று காலி,
முத்துவேலவன் மச்சினன் கல்யாணத்துக்குப் போயிருக்கிறான்.

படிகளை எண்ணியது படத்தில்.
படத்தில் எப்போதும் மதியம்.
துண்டு எப்போதும் ஈரம்.

ஹெல்யா, பின்லாந்து, ஓய்வுபெற்ற பல் டாக்டர்.
அரைமணி கழித்து மறுபடி அழைத்தாள், மூச்சு வாங்க.
பெஞ்சு இல்லை, என்றாள்.
பெஞ்சு இருந்த இடத்தில் நாலு போல்ட்டு இருக்கிறது.
மன்னிப்புக் கேட்கும் வாசகம் திரையில் தயாராக இருந்தது.
நான் அதைப் படிக்கவில்லை.
துண்டு இருந்ததா, என்று கேட்டேன்.
துண்டா? யோசித்தாள்.
ஒரு பச்சைச் சட்டை காய்ந்தது.

எனக்கு ஏனோ நெஞ்சு படபடத்தது.
அந்த வீட்டில் ஆள் இருக்கிறார்கள்.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள் போல.
ஆற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை,
காற்று மட்டும் காதில் இரைந்தது.
பிறகு கேட்டாள்: நீ எந்த ஊர்?
பக்கத்தில்தான் என்று சொல்ல வேண்டும், அது கம்பெனி விதி.
சேலம் என்றேன்.
உங்கள் ஊரில் யாரும் போகாத இடம் எது?

ஏற்காடு என்றேன் சட்டென்று.
ஏரி, படகு, லேடீஸ் சீட்,
ஞாயிற்றுக்கிழமை என்றால் இருபது கொண்டை ஊசியிலும் கார் நிற்கும்.
சொல்லிக்கொண்டே போனேன்.
அவள் சிரித்தாள்.
அதுதானே உங்கள் டிராம்.

ஐந்தரைக்கு ஷிப்ட் முடிந்தது.
அம்மாப்பேட்டையில் வீட்டுக்குத் திரும்பாமல்
ஆத்தூர் ரோட்டில் வண்டியை நேரே விட்டேன்.
தீர்மானம் ஒன்றும் இல்லை, கை திருப்பவில்லை, அவ்வளவுதான்.
அயோத்தியாப்பட்டணம் தாண்டிப் புளித்த வாடை.
பேருந்தில் ஜன்னலை அடைப்போமே, அதே வாடை.
இன்று அதைப் பிடித்துக்கொண்டே போனேன்,
பஞ்சர் கடை, மண் பாதை,
இடிந்த காம்பவுண்டில் ஓர் ஆள் நுழையும் சந்து.

உள்ளே
ஒரு ஏக்கர் வெள்ளை.

ஜவ்வரிசி.
சிமெண்டுக் களம் முழுக்க விரித்துக் கிடந்தது,
இன்னும் காயாத ஒரு பெரிய காலை மாதிரி.
பெண்கள் முந்தானையைச் செருகிக்கொண்டு
நீளப் பலகையால் இழுத்துப்போனார்கள்.
கணுக்கால் வரை வெள்ளை.
சேர்வராயன் மலைத் தலையில் மட்டும் இருந்த வெயில்
மெதுவாக இறங்கி வந்து களத்தின் ஓரத்தைத் தொட்டதும்
நான் கண்ணை இடுக்கிக்கொண்டேன்.
ஒரு நாய் குறுக்கே நடந்தது.
எட்டுப் பேர் சேர்ந்து திட்டினார்கள்.
அது போன தடத்தை ஒருத்தி பலகையால் அழித்தாள்.

இருபத்தேழு வருஷமாகப் பாயசத்தில் பார்க்கிறேன்.

தடம் அழித்தவள் என்னைப் பார்த்துவிட்டாள்.
யாரு வேணும்?
யாருமில்லக்கா, சும்மா பாக்க வந்தேன்.
இதயா?
பலகையை ஊன்றி நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்,
கழுத்தில் கம்பெனி அட்டை,
கையில் ஹெல்மெட், தூக்கமில்லாத முகம்.
ஹெல்யாவுக்கு எப்படிச் சொல்வது என்று
நான் மனசுக்குள் பஞ்சர் கடையிலிருந்து வழி எண்ணிக்கொண்டிருந்தேன்.
அவள் நம்பர் எங்களுக்குத் தெரியாது.

பாக்கறதுன்னா இங்க ஏன் நிக்கற,
இப்ப லாரி வரும், ஒரே கூட்டமாயிரும்.
பின்னாடி தொட்டிக்குப் போ.
பால் தெளியும், பாக்கலாம்.
இந்நேரம் அங்க யாரும் இருக்கமாட்டாங்க.

நான் நடந்தேன்.
முதுகுக்குப் பின்னால் அவள் குரல் வந்தது.

படி இருக்கு, பாத்து.
நாலாவது ஆடும்.