வடக்கு ஜன்னல்

என் மீன் குவாத்தமாலா.
போஜராஜனுடையது பெலீஸ்.
இரண்டும் பிறந்தது கொளத்தூரில்,
ஒரே மொட்டைமாடியின்
அடுத்தடுத்த சிமெண்டுத் தொட்டிகளில்
என்பது வேறு விஷயம்.

நெருப்புவாய் என்பது நாங்கள் வைத்த பெயர்.
தாடையிலிருந்து வயிறுவரை
யாரோ வெற்றிலை மென்று
துப்ப மறந்து வழியவிட்டது மாதிரி ஒரு சிவப்பு.
செவுளை விரித்தால்
பக்கத்துக்கு ஒன்றாய்க் கரும்பொட்டு, பொய்க்கண்.

ஏழு மாதமாகப் போனில் தகராறு.
"உன்னுது செங்கல், ரெஜினா.
என்னுது மிளகாய்ப்பழம்" என்பான் கோத்தகிரியிலிருந்து.
படம் அனுப்புவான்.
படத்தில் அவன் கட்டைவிரலும் சிவப்பு.
லைட்டை மாத்துடா என்பேன்.
நீ கண்ணை மாத்து என்பான்.

பெலீஸ் ஆற்றுத் தண்ணீர்
தேயிலைச் சாயம்போல் இருக்குமாம்,
அதற்குள் தெரிய வேண்டுமென்றால்
சிவப்பு கூடித்தான் ஆகணுமாம்.
அவன் பார்த்த ஒரே ஆறு பவானி,
அதுவும் மேட்டுப்பாளையம் பாலத்தின் மேலிருந்து,
ஓடும் பஸ்ஸில்.

போகட்டும். ஆனால் என் கண்ணைப் பற்றி
அவன் பேசியிருக்கக் கூடாது.
பதினொரு வருடமாகக் குன்னூர் ஃபேக்டரியில்
தேநீரின் நிறம் பார்த்துச் சம்பளம் வாங்குகிறேன்.
ஒரே வெள்ளைக் கோப்பை, ஒரே எடைத் தூள்,
ஒரே கொதி, ஐந்து நிமிடம்,
வடக்கு ஜன்னல்.
வெயில் நேரே விழாத வெளிச்சம்தான் பொய் சொல்லாது.
செம்பு, செம்புக்குள் பித்தளை,
பித்தளைக்குள் போன வார மழை
எல்லாம் தெரியும் எனக்கு.

கொண்டு வா, என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை. ட்ரையர் ஓடாத நாள்.
பெலீஸ் கட்டபெட்டு வழியாக பஸ்ஸில் வந்தது,
ஸ்வெட்டருக்குள், அவன் தொப்பைச் சூட்டில்.
குவாத்தமாலா என் டிபன் கூடையில்
வெந்நீர் பாட்டிலோடு ஒட்டிக்கொண்டு.
வெளியே ஒன்பது டிகிரி.

ருசி பார்க்கும் மேசையில்
ஒரே அளவில் இரண்டு கண்ணாடித் தொட்டி.
நடுவே மறைப்புக்கு ஒரு அட்டை.
ஒரே தண்ணீர், இருபத்தாறு டிகிரி.
அடியில் மணல் வேண்டாம், வெள்ளைத் தாள் போதும்.
எல்லாம் முறைப்படி.

இரண்டும் வெளுத்தன.

வெளுத்தன என்றால்
ஒரே தூளில் மூன்றாம் தடவை இறக்கிய டீ.
"பயந்திருச்சு" என்றான்.
மணல் கடிகாரத்தைக் கவிழ்த்தேன்.
மறுபடி கவிழ்த்தேன்.
வாட்ச்மேன் மூக்கையா எட்டிப் பார்த்துவிட்டு
"ரெண்டும் ஒண்ணுதானேம்மா" என்று போனார்.

அட்டையை எடுத்தது அவன்தான்.

ஒன்றையொன்று பார்த்தன.
செவுள் விரிந்தது. நான்கு பொய்க்கண் விழித்தன.
கழுத்து நிரம்பி வழிய
அப்படி ஒரு சிவப்பை
எங்கள் இருவர் வீட்டிலும் கண்டதில்லை.
என் நோட்டில் அதற்குச் சொல் இல்லை.
எழுதுவதற்குள் இது ஏறியது,
இதைப் பார்த்து அது ஏறியது.
அளக்க வந்தவள்
ருசிக் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன்.

"இப்ப சொல்லு."
"டிரா."
அவன் முகம் சுருங்கியது.
நாலரை பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.
அவசரமாகப் பைகளில் பிடித்தோம்.
பேனாவில் எழுதிய இரண்டு ஊர்ப் பெயர்களும்
ஈரத்தில் கரைந்து
நீலமாய் என் மணிக்கட்டில் வழிந்தன.

இரவு விளக்கைப் போட்டுப் பார்க்கிறேன்.
என் மீனின் வால்நுனியில்
ஜனவரியில் ஒடிந்து வளைந்தே ஆறிய முள்
இல்லை.

போன் அடித்தது.
"வீட்டுத் தண்ணில விட்டதும் பாரு,
அதே மிளகாய்ப்பழம்!
உன் ஃபேக்டரி வெளிச்சம்தான் சரியில்ல.
குவாத்தமாலாவுக்கு இந்தச் செவப்பு வருமா, சொல்லு?"

வராது, என்றேன்.

அவன் வாலைப் பார்க்கிறவன் இல்லை.
என் தொட்டியில், ஓடைக்கல்லின் நிழலில்,
பெலீஸ்
நல்ல செங்கல் நிறத்தில்
நான் போட்ட புழுவைத் தின்றுகொண்டிருந்தது.