வேகஸ்

காசிமேட்டிலிருந்து மீன்பெட்டி ஆட்டோவில் வந்தாள்,
ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட.
"செத்துப்போச்சு டாக்டரம்மா. ஆனா
என் வலையில செத்ததுன்னு எழுதிடாதீங்க" என்றார்
தேசப்பன். சட்டைப் பையில்
புது வலைக்கான ரசீது துருத்திக்கொண்டிருந்தது.

வேப்பேரி. இரவு இரண்டே கால்.
பங்குனி ஆமை, பெட்டை.
கண்ணைத் தொட்டேன், இமைக்கவில்லை.
வாலைக் கிள்ளினேன், இல்லை.
கழுத்துக்கும் துடுப்புக்கும் நடுக்குழியில்
ஜெல் தடவி டாப்ளர் முனையை அழுத்தினேன்.
கரகரப்பு.
எழும்பூர்ப் பக்கம் ஒரு சரக்கு ரயில்.
மறுபடி கரகரப்பு.
பிறகு
யாரோ ஈரத்துணியை ஒரே ஒருமுறை உதறியதுபோல்
ஒன்று.

அடுத்ததற்காக எண்ணினேன்.
பத்தொன்பதோடு விட்டுவிட்டேன்.

பத்தாவது மண்டை நரம்பு. பேர் வேகஸ்.
முதலாண்டில் அதை வேகம் என்றே மனப்பாடம் பண்ணி
வைவாவில் மாட்டிக்கொண்டவள் நான்.
வேகத்தை அடக்குவதுதான் அதன் உத்தியோகம்.
மூளையின் அடியில் கிளம்பி, தொண்டையோரம் இறங்கி,
இதயத்தின் தோளைத் தொட்டு
மெல்ல, மெல்ல என்கிறது.
துடி என்று சொல்ல இதயத்துக்கு ஆள் வேண்டாம்.
அறுத்துத் தட்டில் வைத்த பிறகும் ஒன்று துடித்ததைப் பார்த்து
வராந்தாவில் போய் நின்றிருக்கிறேன், ரொம்ப நேரம்.

மூச்சடங்கிய பொழுதில்
நுரையீரலுக்குப் போகும் குழாயையும்
இதே நரம்பு இறுக்கிப் பிடிக்கும்:
காற்றில்லாத வீட்டுக்கு எதற்குப் போகிறாய்,
உடம்பையே இன்னொரு சுற்று சுற்றி வா.
முதுகெலும்போரம் வேறொரு நரம்புக்கூட்டம் உண்டு,
ஓடு ஓடு என்று விரட்டுவது.
இன்றைக்கு அதன் பேச்சு எடுபடவில்லை.

அட்ரோபின் இழுத்துத் தயாராக வைத்தாயிற்று.
போட்டால் வேகஸின் வாய் கட்டிப்போகும்,
இதயம் ஓடும்.
ஓடி?
நுரையீரலில் இன்னும் வங்கக் கடல் இருக்கிறதே.

தலை தாழ்த்திப் பலகையில் கிடத்தி வடியவிட்டேன்.
குழாய் செருகி, நிமிடத்துக்கு இரண்டு முறை
பையை அமுக்கினேன்.
என் நாடி நூற்றுப் பதினெட்டு.
பயந்தால் எனக்கு அப்படி.
பயந்தால் இவளுக்கு
ஒரு துடிப்புக்கும் இன்னொன்றுக்கும் நடுவே
ஆள் ஒளிந்துகொள்ள இடம் உண்டாகிறது.

ஊசி தட்டிலேயே கிடந்தது.
நிதானமா, கோழைத்தனமா, இப்போதும் தெரியாது.

நாலு பத்துக்குக்
கழுத்து நீண்டது. வாய் பிளந்து
சைக்கிள் டியூபில் வால்வைப் பிடுங்கிய சத்தத்தோடு
தானே ஊதி, தானே இழுத்தாள்.
உடனே டாப்ளரில் ஈரத்துணிகள்,
ஒன்றின்மேல் ஒன்று,
ஒரு சலவைத்துறையே.

தேசப்பன் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார்.
"உசுரு இருக்குதா?"
"இருக்கு."
கொஞ்ச நேரம் ஆமையையே பார்த்தார்.
சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார்.
"அப்ப ஆட்டோவுக்கு முந்நூத்தம்பது
யாரு குடுப்பா?"