இணைப்பு ஏழு

ஆஸ்டின் டவுன் டைப்பிஸ்ட் பொன்னுரங்கத்துக்குக்
காது மந்தம்.
அதற்காகவே இவர் அவரிடம் போனார்,
சத்தமாய்ச் சொல்ல வேண்டியிருக்கும் என்று
யோசிக்காமல்.
ஜெராக்ஸுக்கு நின்ற இரண்டு பேர்
வெளியே போய் மழையைப் பார்த்தார்கள்.
மழை இல்லை.

பொன்னுரங்கம் அடித்தது 'ஆண்மைக் குறைவு'.
மூத்திர நாற்றச் சுவர்களில்
லாட்ஜ் பெயர், அறை எண், மாதத்தின் முதல் ஞாயிறு
எல்லாவற்றோடும் ஒட்டப்படும் சொல்.
இவர் பேனா வாங்கிக் கோடு கிழித்தார்.
குறைந்தது அது இல்லை சார்,
முதுகெலும்பில் ஒரு கணு.

அப்போ என்ன போடட்டும்?

பதினேழு வருஷம் சாப்பர்.
பாலத்தின் ஒவ்வொரு ஆணிக்கும் பெயர் சொல்வார்.
இதற்கு மட்டும் 'அது'.
அது இப்போது இல்லை என்று
அரசாங்கத்துக்கு எழுத முடியுமா?

டெல்லியிலிருந்து முதல் முறையீட்டுக்கு ஒன்றரைப் பக்கம் பதில்:
பணியால் வந்ததும் அன்று,
பணியால் மோசமானதும் அன்று.
முதுகுக்கு இருபது சதவீதம் ஒப்புக்கொண்டவர்கள்
கீழே இறங்கும் நரம்பை
இடுப்போடு நிறுத்திவிட்டார்கள்,
அத்திப்பள்ளி செக்போஸ்ட் மாதிரி.

அவர்களைச் சொல்லியும் பிரயோசனமில்லை.
கமாண்ட் ஆஸ்பத்திரி போர்டில்
பெண் மேஜர் ஒருவர் தாழ்ந்த குரலில் கேட்டிருக்கிறார்,
வீட்டில் ஏதாவது சிரமமா என்று.
இவர் விறைப்பாய் நின்றார்,
நிற்கக் கூடாத ஒரே இடத்தில்.
நோ ப்ராப்ளம் மேடம்.
ஃபைலில் அப்படியே இருக்கிறது.

ஆகவே
ஜெசிந்தா ஆகிய நான், வயது நாற்பத்தொன்று,
பொம்மனஹள்ளி கார்மெண்ட்ஸில் காலர் தைப்பவள்,
உறுதி கூறுவது:

லே போகும் வழியில் வண்டி உருண்டது நவம்பரில்.
இவர் வீடு வந்தது தவக்காலம்.
நோன்பு என்று நினைத்துக்கொண்டேன்.
ஈஸ்டரும் வந்து போனது.

கொஞ்ச நாள் என் உடம்பைச் சந்தேகித்தேன்.
கொஞ்ச நாள் இவர் போனை.
ஒரு மத்தியானம் பெரிய ஆஸ்பத்திரி ஸ்கேனைப்
பால்கனி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்,
ஒன்றும் புரியாமல், தலைகீழாக.

மாத்திரை ஒன்று எழுபது ரூபாய்.
நம் ஏரியாவில் வேண்டாம் என்று ஈஜிபுரா போய்
நான்தான் வாங்கினேன்.
கடைப் பையன் அதைச் செய்தித்தாளில் சுற்றினான்,
நாப்கினைச் சுற்றுகிற மாதிரி.
இவருக்குத் தலைவலி வந்தது.
அது மட்டும்தான் வந்தது.

விவேக் நகர் குழந்தை இயேசுவிடம்
வியாழக்கிழமை தொட்டில் கட்டச் சொன்னார் நாத்தனார்.
கட்டினேன்.
கேட்டது வேறு.
(இதை எடுத்துவிடலாம் என்கிறார் வக்கீல்.)

தேதி வாரியாக வேண்டுமாம்.
நடந்ததற்குத் தேதி உண்டு.
நடக்காததற்கு எந்தக் காலண்டரைக் காட்டுவது?
பன்னிரண்டையும் எழுதினேன்,
ஜனவரி, பிப்ரவரி, எல்லா வருஷத்துக்கும்.

ராத்திரி இவருக்குப் படித்துக் காட்டினேன்.
என் வயதில் ஒன்று கூடியிருந்தது, திருத்தினார்.
பொன்னுரங்கம் 'நரம்பு' என்பதை
'வரம்பு' என்று அடித்திருந்ததற்குச் சிரித்தார்,
முதுகைப் பிடித்துக்கொண்டு.
பிறகு ஒரு வரியில் விரல் வைத்தார்.
'எங்களுக்குள் எதுவும் இல்லை.'
இது வேணுமா?

வக்கீலுக்கு வேணும்.
மீதி சதவீதம் அந்த வரியில்தான் இருக்கிறதாம்.

சரி என்று படுத்தார்.
பதினொன்றரை மணிக்கு
தூக்கத்தில் என் கால்மேல் கால் போட்டார்,
கனமான வலது கால், மரத்துப் போனது.
நகர்த்தவில்லை.
அந்த வரியை
அப்படியே விட்டுக் கையெழுத்துப் போட்டேன்,
படுத்தபடி, காகிதத்தைச் சுவரில் வைத்து.
பேனா இரண்டு இடத்தில் எழுதவில்லை.
காலையில் ஸ்பீடு போஸ்ட்.